முக்காலித் தாங்கியும் நீள்பந்தும்: அமெரிக்கக் காற்பந்து உதைப் பயிற்சித் தொகுப்பு பற்றிய மதிப்புரை

இணைய அங்காடி ஒன்றின் வழியாக 260 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கிய உதைப் பயிற்சித் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. அமெரிக்கக் காற்பந்தில் தரையில் நிறுத்திய பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்புவதையே தொழிலாகக் கொண்டவர் பிளேஸ்கிக்கர். அவருடைய பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட தொகுப்பு இது. பெட்டிக்குள் செயற்கைத் தோலால் ஆன நீள்பந்து ஒன்றும், பந்தைப் பிடித்து நிறுத்தும் முக்காலி இரும்புத் தாங்கி ஒன்றும், ஓர் அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் பீடம் ஒன்றும், சிறிய கையேடு ஒன்றும் இருந்தன. சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டத் திடலில் இவற்றை வெயிலிலும் மழை ஈரத்திலும் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

வாங்கியது என் அக்காள் மகனுக்காக. அவனுக்கு 16 வயது. தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் இடது ஓரத்தில் ஆடுகிறவன். கார்னரும் ஃப்ரீ கிக்கும் அவன் காலுக்குத்தான் போகும். ஜாக்சன்வில் குழுவின் கேம் லிட்டில் 2025 நவம்பரில் 68 யார்டு தொலைவிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிப் புதிய சாதனை படைத்த காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குன்னு தனியா ஒரு ஆளு வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த ஆவலே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை ஒன்று அல்லது இரண்டு மணிக்கு வரும் என்பதால், இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. அந்தச் சிலரில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக நான் கண்ணும் கருத்துமாகப் பின்தொடர்ந்தது ஓர் உதைப்பாளரின் தொழில் வாழ்க்கையை: ஆடம் வினாட்டியேரி. ஆகவே இந்தத் தொகுப்பை எடைபோடும்போது, அப்படி ஒருவர் 24 பருவங்கள் ஆடித் தீர்த்த தொழிலுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

அந்தத் தொழில் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீகில் 32 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவிலும் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் மூன்று மணி நேரம் மோதிக்கொண்டிருக்க, இவர் ஓர் ஆட்டத்தில் சில முறை மட்டுமே களத்திற்குள் அழைக்கப்படுகிறார். நடுவில் நிற்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னோக்கி எறிகிறார். ஏறக்குறைய ஏழெட்டு யார்டு பின்னால் மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துகிறார். உதைப்பாளர் ஓடிவந்து உதைக்கிறார். எறிவதிலிருந்து உதைப்பது வரை ஏறத்தாழ 1.3 விநாடிதான். பந்து 10 அடி உயரக் குறுக்குக் கம்பத்திற்கு மேலாக, 18 அடி 6 அங்குல இடைவெளிக்குள் சென்றால் ஃபீல்டு கோல். குழுவுக்கு மூன்று புள்ளி. தவறினால் எதிரணிக்குப் பந்து போவதோடு உதைப்பாளரின் வேலையும் ஆட்டம் காணும். 1991 ஜனவரியில் நடந்த 25ஆவது சூப்பர் பவுலில், அதாவது லீகின் பருவ இறுதி ஆட்டத்தில், பஃபலோ குழுவின் ஸ்காட் நார்வுட் கடைசித் தருணத்தில் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து வலப்புறமாக விலகிப் போனதால், அவருடைய குழு 19-க்கு 20 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அதன்பின் அவர் ஒரே ஒரு பருவம்தான் ஆடினார். கருவி எதுவானாலும், ஒரே அசைவை இம்மியும் பிசகாமல் மீண்டும் மீண்டும் செய்யப் பழக்குகிறதா என்பதே இந்தத் தொழிலில் அதன் தகுதி.

தொகுப்பில் சிறந்தது பந்துதான். என்.எஃப்.எல். பந்தை ஒஹாயோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் உள்ள வில்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் மாட்டுத்தோலால் செய்கிறார்கள். அதன் எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 397 முதல் 425 கிராம், காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. எனக்கு வந்த பந்து வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் செயற்கைத் தோல் பந்து என்றாலும், மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 410 கிராம் காட்டியது. நீளமும் சுற்றளவும் சரியாகவே இருந்தன. மோட்டார் சைக்கிள் பட்டறையில் காற்றடித்து 13 பி.எஸ்.ஐ. வைத்தோம், ஒரு வாரம் கழித்து அளந்தபோதும் காற்று பெரிதாக இறங்கவில்லை. நம் காற்பந்தின் எடையும் 410 முதல் 450 கிராம்தான் என்பதால், பையனின் காலுக்கு இதன் கனம் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் உதைக்கும் இடம் மிகச் சிறியது. பந்தின் அடிமுனைக்குச் சற்று மேலே, பருத்த வயிற்றுக்குக் கீழே, இரண்டு விரல் அகலப் பகுதியில் புறங்காலின் உள்ளோர எலும்பு பதிய வேண்டும். அதற்குக் கீழே பட்டால் கால் வலிக்கும். மேலே பட்டால் பந்து எழும்பாது.

புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தபோது பந்தின் மேற்பரப்பு வழவழவென்று கையில் நிற்காமல் நழுவியது. இதைக் குறையாக நான் எழுதமாட்டேன். தொழில்முறை உதைப்பாளர்களின் நிலைமையும் வெகு காலம் அப்படித்தான் இருந்தது. முன்பெல்லாம் உதைப்பதற்கான பந்துகளை ஆட்டத்திற்கு முன்பே தேய்த்தும் அழுத்தியும் மென்மையாக்கிவிடுகிறார்கள் என்று 1999இல் லீக் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்து, உதைகளுக்கென்றே தனியாகக் குறியிட்ட புதிய பந்துகளைப் பயன்படுத்த வைத்தது. 2007 ஜனவரியில் சியாட்டலில் நடந்த பிளே-ஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், டாலஸ் குழுவின் ஹோல்டர் டோனி ரோமோவின் கையிலிருந்து பந்து நழுவியதும், அந்தக் குழு 20-க்கு 21 என்று தோற்றதும் ரசிகர்களுக்கு மறக்காது. நாங்கள் ஈரத் துணியால் பந்தைத் துடைத்து, தென்னந் தும்புத் தூரிகையால் தேய்த்த பிறகு அதன் மேடு பள்ளங்கள் விரலுக்குப் பிடிகொடுக்கத் தொடங்கின. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் உண்மையான தோல் பந்து பூஞ்சை பிடிக்காமல் இருப்பது கடினம் என்பதால், செயற்கைத் தோலைத் தேர்ந்தெடுத்ததும் இந்தத் தொகுப்புக்குச் சாதகமான அம்சமே.

அடுத்து முக்காலித் தாங்கி. இதை ஏறக்குறைய ஒரு முழ உயரமுள்ள வளைந்த இரும்புக் கம்பி என்று சொல்லலாம். கீழே மூன்று கால்கள், மேலே நீண்டு வரும் கையின் நுனியில் ஒரு ரப்பர் குமிழ். அந்தக் குமிழ் பந்தின் மேல்முனையை அழுத்திப் பிடிக்க, கீழ்முனை புல்லில் ஊன்றியிருக்கும். உதைத்தவுடன் பந்து குமிழிலிருந்து விடுபட்டுப் போய்விடும். தாங்கி சற்றே ஆடி நிற்கும் அல்லது சாயும். பந்தை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டுமோ அவ்வளவு சாய்க்கலாம் என்பதும், ஒவ்வோர் உதைக்கும் அதே சாய்வை மீண்டும் வைக்க முடியும் என்பதும் இதன் பெரிய பலம். உதவிக்கு ஆள் இல்லாத மாலைகளில் ஒருவரே தனியாகப் பயிற்சி செய்யலாம்.

கையேட்டில் உள்ள படங்கள் எல்லாமே வலது கால்காரருக்கானவை. வலது காலால் உதைப்பவர் பந்துக்கு இடப்பக்கத்திலிருந்து ஓடிவருவதால், தாங்கி அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். எங்கள் பையன் இடது கால்காரன். அவனுக்கு எல்லாவற்றையும் மாற்றி, தாங்கியை இடப்பக்கம் வைத்து, வலப்பக்கத்திலிருந்து ஓடிவரச் செய்ய வேண்டியிருந்தது. தாங்கியின் அமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. கையேடு ஒரு வரி கூடச் சொல்லவில்லை. இடது கால் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தைப் பார்த்து அப்படியே வைத்தால் பிள்ளையின் கால் இரும்பில் அடிபடும்.

எங்கள் திடலில் தாங்கி சந்தித்த உண்மையான சோதனை ஈரம்தான். ரப்பர் மரங்கள் இருந்த காலத்திலிருந்தே உள்ள திடல் அது. இப்போது மூன்று பக்கமும் செம்பனை. பிற்பகலில் மழை கொட்டினால் மாலைக்குள் செம்மண் குழைந்துவிடும். குழைந்த மண்ணில் தாங்கியின் ஒரு கால் மட்டும் இறங்கிவிட, பந்து நாம் வைத்த கோணத்திலிருந்து கண்ணெதிரே மெல்லச் சாயும். கால்களின் நுனியில் உருளையான ரப்பர் உறைகள் மட்டுமே இருப்பது ஒரு வடிவமைப்புக் குறை. தட்டையான சிறு பாதங்கள் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. பழைய பிளாஸ்டிக் புட்டி மூடிகளை நுனியில் மாட்டி நாங்கள் சமாளித்தோம்.

ஈரத்தில் தாங்கியை விடப் பெரிய சிக்கல் ஊன்றும் கால். உதைக்கும் கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும், பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் மற்ற கால் வழுக்கினால் எல்லாம் வீண். இதைப் பையனுக்கு விளக்க நான் காட்டியது 2002 ஜனவரி 19ஆம் தேதி ஃபாக்ஸ்பரோவில் கொட்டும் பனியில் நடந்த ஆட்டத்தை. ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் குழுவிடம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருக்க, அரை நிமிடத்திற்கும் குறைவான நேரமே மீதமிருந்தபோது, தரையே தெரியாத பனியின் மேல் வினாட்டியேரி 45 யார்டிலிருந்து உதைத்தார். வழக்கமான வேகத்தில் ஓடிவந்தால் ஊன்றும் கால் சறுக்கும் என்பதால் அடிகளைச் சுருக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து வந்தார். பந்து அழகாக உயரவில்லை. தாழ்வாகப் பறந்து குறுக்குக் கம்பத்தைத் தாண்டியது. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் அவரே 23 யார்டிலிருந்து உதைத்து 16-13 என்று வென்று கொடுத்தார். அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு பையன் மழை நாளில் தன் ஓட்டத்தை ஓரடி குறைத்துக்கொண்டான். பந்து அதிகத் தூரம் போகவில்லை என்றாலும் நேராகப் போகத் தொடங்கியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, தாங்கியைப் பற்றிய என் முதன்மையான மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். தாங்கி அசையாது, தவறாது, பதற்றப்படாது. அதனால்தான் அது முழுமையான ஆசிரியராக இருக்க முடியாது. உண்மையான ஆட்டத்தில் உதைப்பாளர் ஓடத் தொடங்கும்போது பந்து இன்னும் முழுமையாகத் தரையில் நின்றிருக்காது. ஹோல்டர் பிடித்து, ஊன்றி, பந்தின் தையல் நூல் உதைப்பாளர் பக்கம் இல்லாமல் கம்பங்களைப் பார்க்கும்படி விரலால் திருப்பிவிடும் அந்த ஒரு நொடியை நம்பி அவர் ஓடிவருகிறார். வினாட்டியேரியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எறிந்தவரையும் பிடித்தவரையும் விட்டுவிடுவது எனக்கு எப்போதுமே வருத்தம்தான். 2002 பிப்ரவரி 3ஆம் தேதி செயின்ட் லூயிஸ் ராம்ஸ் குழுவுக்கு எதிரான சூப்பர் பவுலில், நேரம் முடிவதோடு 48 யார்டிலிருந்து அவர் உதைத்து 20-17 என்று வென்றபோது, பந்தை எறிந்தவர் லானி பாக்ஸ்டன், பிடித்து ஊன்றியவர் கென் வால்டர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 பிப்ரவரி 1ஆம் தேதி கரோலைனா பாந்தர்ஸ் குழுவுடன் நடந்த சூப்பர் பவுலின் கதை இன்னும் அதிகம் சொல்லும். பாக்ஸ்டன் காயமடைந்திருந்ததால், ஓய்வு பெற்றுப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பிரையன் கின்ச்சன் என்ற 38 வயது முன்னாள் ஆட்டக்காரரைப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அழைத்து வந்திருந்தார்கள். அவருக்கும் எறிவதில் தடுமாற்றம் இருந்தது. வினாட்டியேரிக்கும் அந்தப் பருவம் நல்லதாக அமையவில்லை. 34 முயற்சிகளில் 25 மட்டுமே உள்ளே போயிருந்தன. அந்த ஆட்டத்திலேயே 31 யார்டு முயற்சி ஒன்று தவறியது, 36 யார்டு முயற்சி ஒன்று தடுக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, 29-29 என்றிருந்தபோது, கின்ச்சன் எறிந்த பந்து சரியாக வந்து சேர, 41 யார்டிலிருந்து உதைத்தது நேராகப் போய், நான்கு விநாடி மீதமிருக்க 32-29 என்று முன்னிலை கிடைத்தது. முதல் இரண்டு முயற்சிகளை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு மூன்றாவதற்கு ஓடிவந்த அந்த மனநிலையை எந்த இரும்புத் தாங்கியும் பழக்கித் தராது. அடுத்த பருவத்தில் அவர் 33 முயற்சிகளில் 31ஐ உள்ளே அனுப்பினார்.

ஆகவே சில வாரங்களுக்குப் பிறகு தாங்கியை ஓரமாக வைத்துவிட்டு, பையனின் தங்கையை ஹோல்டராக உட்கார வைத்தோம். அவளுக்கு 13 வயது. பந்தைக் கையில் வாங்கியதும் ஒரு கையால் ஊன்றி, மறுகையின் ஆட்காட்டி விரலை மேல்முனையில் வைத்து, நூலைத் தேடித் திருப்புவதற்கு முதலில் வெகு நேரம் பிடித்தது. அண்ணன் ஓடிவருவதைப் பார்த்து விரலை முன்கூட்டியே எடுத்துவிடுவாள், பந்து விழுந்துவிடும். "மாமா, அண்ணன் கால் விரலில பட்டுடுமா?" என்று கேட்டவளுக்கு, விரலை அசைக்காமல் வைத்திருந்தால் படாது என்பதை மெதுவான உதைகளால் காட்டிய பிறகுதான் தைரியம் வந்தது. இப்போது அவள் பந்தை வாங்கி நிறுத்தும் வேகத்தில் அவன் தன் ஓட்டத்தைச் சரிசெய்துகொள்கிறான். தாங்கியில் பழகியபோது பத்துக்கு எட்டு நேராகப் போன தூரத்திலிருந்து, அவள் பிடித்துக் கொடுத்த முதல் மாலையில் பாதி கூடப் போகவில்லை என்பதே, தாங்கி எதை மறைத்து வைத்திருந்தது என்பதற்குச் சான்று.

பிளாஸ்டிக் பீடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் ஃபீல்டு கோலுக்கு இத்தகைய பீடம் அனுமதிக்கப்படுகிறது. கல்லூரி ஆட்டத்திலும் என்.எஃப்.எல்.லிலும் பந்தைத் தரையில்தான் வைக்க வேண்டும். பீடத்தில் பழகிய கால் பந்தை ஓர் அங்குலம் உயரத்தில் தேடப் பழகிவிடும். நான் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். இது இல்லாமல் தொகுப்பின் விலையைக் குறைத்திருக்கலாம்.

கையேடு அதன் மொத்த இடத்தையும் தூரத்திற்கே ஒதுக்கியிருக்கிறது. சில வாரங்களில் 60 யார்டு உதைக்கலாம் என்ற தோரணையில் அது பேசுவது பிள்ளைகளுக்கு நல்லதல்ல. 1970இல் டாம் டெம்ப்சி 63 யார்டு உதைத்த சாதனை 43 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது. 2021இல் ஜஸ்டின் டக்கர் உதைத்த 66 யார்டு பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தே உள்ளே போனது. இவையெல்லாம் மெய்சிலிர்க்க வைப்பவைதாம். ஆனாலும் வினாட்டியேரியின் பெயரை நிலைநிறுத்திய உதைகள் 45, 23, 48, 41 யார்டுகள். அதாவது 44 மீட்டருக்குள் அடங்குபவை. மொத்த வாழ்க்கையில் 715 முயற்சிகளில் 599 உள்ளே சென்றன. 2,673 புள்ளிகள் எடுத்தார். 2018இல் மார்ட்டன் ஆண்டர்சனின் 2,544 புள்ளிகளைத் தாண்டியபோது அவருக்கு 45 வயது. பேட்ரியட்ஸ் குழுவுக்கு ஆயிரத்துக்கு மேல், பிறகு இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் குழுவுக்கும் ஆயிரத்துக்கு மேல் என்று இரண்டு குழுக்களுக்காக இப்படிப் புள்ளி குவித்தவர் அவர். கோல்ட்ஸ் குழுவோடு 2007 பிப்ரவரியில் நான்காவது சூப்பர் பவுலையும் வென்றார். அந்தப் பருவத்தில் பால்டிமோருக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தை அவருடைய குழு 15-6 என்று வென்றபோது, அந்தப் பதினைந்தும் அவருடைய ஐந்து உதைகளிலிருந்து வந்தவை. கையேடு எழுதியவர் தூரத்தை விட்டுவிட்டு இந்தச் சீர்மையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் திருத்தம் தேவை என்பதையும் அது சொல்லியிருக்கலாம். ஹங்கேரியில் பிறந்த பீட் கோகொலாக் 1964இல் பஃபலோ குழுவில் சேரும் வரை, அமெரிக்கர்கள் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால்தான் உதைத்தார்கள். பக்கவாட்டிலிருந்து வந்து புறங்காலால் உதைக்கும் முறை நம் காற்பந்திலிருந்து போனது. அதனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாதி வித்தை கைவசம் உண்டு. எங்கள் பையனின் தொல்லை மீதிப் பாதியில் இருந்தது. ஃப்ரீ கிக்கில் அவன் பழகியிருந்தது பந்தை வளைத்து அனுப்புவது. நீள்பந்தோ முனைக்கு முனை செங்குத்தாகச் சுழன்று நேராகப் போக வேண்டும். உதைத்த பிறகு கால் உடம்புக்குக் குறுக்கே போகாமல் கம்பத்தை நோக்கி நீள வேண்டும் என்பதைப் பழக்கத் தாங்கி மிகவும் உதவியது; ஒரே கோணத்தில் பந்து நிற்பதால், வளைந்து போனால் தவறு காலில்தான் என்பது ஐயமின்றித் தெரிந்தது. எங்கள் திடலின் கோல் கம்பம் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ளது. அதன் பின்னால் 18 அடி 6 அங்குல இடைவெளியில் இரண்டு மூங்கில்களை நட்டு, 10 அடி உயரத்தில் நைலான் கயிறு கட்டியிருக்கிறோம். இந்த வேலைக்குச் செலவு ஏதுமில்லை. தொகுப்பை வாங்குகிறவர்கள் இதையும் செய்துகொண்டால்தான் பயிற்சிக்குப் பொருள் இருக்கும்.

கற்பிப்பவர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1996இல் எந்தக் குழுவும் வினாட்டியேரியைத் தேர்வுப் பட்டியலில் எடுக்கவில்லை. தெற்கு டக்கோட்டாவிலிருந்து வந்த அவர், ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் என்ற ஐரோப்பியக் குழுவில் ஆடிவிட்டு, பேட்ரியட்ஸ் குழுவில் இருந்த அனுபவசாலி மேட் பாருடன் போட்டியிட்டு இடம் பிடித்தார். அதற்கு முன்பு அவர் வர்ஜீனியாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றது டக் பிளெவின்ஸ் என்பவரிடம். பிளெவின்ஸ் பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ளவர். வாழ்நாளில் ஒரு பந்தைக் கூட உதைத்ததில்லை. உதைப்பின் ஒவ்வோர் அசைவையும் பார்த்துப் பார்த்துப் பிரித்து அறிந்திருந்தார். நானும் இந்த நீள்பந்தை ஆட்டத்தில் உதைத்தவன் அல்லன். பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் பிடித்து, ஊன்றிய கால் பந்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, உடம்பு பின்னுக்குச் சாய்கிறதா என்பதைக் காட்டுவதுதான் என் வேலை. தாங்கியோடு ஒரு கூர்மையான கண்ணும் தேவை. ஆட்டம் தெரியாத அப்பாவோ அத்தையோ கூட அந்தக் கண்ணாக இருக்கலாம்.

இத்தனை உதைகளுக்குப் பிறகும் பந்தின் தையல் பிரியவில்லை. மூக்குப் பகுதியில் மட்டும் நிறம் மங்கியிருக்கிறது. தாங்கியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. ஈரத்தில் பயன்படுத்திய பின் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் அவை நெடுநாள் வராது. மேலும், ஒரு நாளைக்கு எத்தனை உதை என்ற வரம்பைக் கையேடு எங்குமே சொல்லவில்லை என்பது கவலைக்குரியது. உதைப்பாளரின் மூலதனம் இடுப்பும் முழங்காலும்தான். 46 வயதில் 2019 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே தடுமாறிய வினாட்டியேரி, முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தை முடிக்க முடியாமல் போய், அதன்பின் களமிறங்கவே இல்லை. 2021இல் ஓய்வை அறிவித்தார். வளரும் பிள்ளைகளை இருட்டும் வரை உதைக்க விடக்கூடாது. நாங்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, முப்பது உதைகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

விற்பனையாளரின் சேவை சுமார்தான். பொருள் பக்கத்தில் சொன்ன காற்றடிக்கும் ஊசி பெட்டியில் இல்லை. எழுதிக் கேட்டதற்குப் பதில் வர நாளாயிற்று. கடைசியில் ஈப்போவில் ஒரு விளையாட்டுக் கடையில் ஊசியை வாங்கிக்கொண்டோம். தாங்கியின் ஒரு காலும் சற்று வளைந்தே வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிக்குள் வேறு எந்தப் பாதுகாப்பும் வைக்காமல் அனுப்பியிருந்தார்கள்.

260 வெள்ளி என்பது தோட்டத்துக் குடும்பத்திற்குச் சிறிய தொகையல்ல. வீட்டில் பந்தைப் பிடித்துக் கொடுக்கத் தம்பியோ தங்கையோ இருந்தால், பந்தை மட்டும் தனியாக வாங்குங்கள். அதே விற்பனையாளரிடம் அது 120 வெள்ளிக்குக் கிடைக்கிறது. தனியாகப் பயிற்சி செய்ய வேண்டிய பிள்ளைக்கும், உதைக்கும் முறையையே முதலிலிருந்து திருத்த வேண்டியவருக்கும் தாங்கி கொடுத்த காசுக்கு மோசமில்லை. பள்ளிக்கோ தோட்டக் குழுவுக்கோ பொதுவாக வாங்கினால் ஒரு தாங்கிக்கு இரண்டு பந்து என்ற கணக்கில் வாங்குவது நல்லது. ஒரே பந்தை வைத்துக்கொண்டு உதைத்தால், ஒவ்வோர் உதைக்கும் ஒருவர் செம்பனைக் காட்டுக்குள் போய்த் தேடிக்கொண்டிருக்க நேரும். பணம் செலுத்துவதற்கு முன், ஊசி பெட்டியில் உண்டா என்பதையும், தாங்கியின் கால்களுக்குத் தட்டையான பாதம் உண்டா என்பதையும் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.